பெயர் வெட்டிய குடம்

கட்டுரையில் என் பெயரையும் போடுங்கள் என்று ஞானதாசன் சாரிடம் கேட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அப்பா பூதப்பாண்டியில் பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பி.எஸ்ஸி. படித்த முதல் ஆள் நான். சொன்னதைக் கேட்கிற வழக்கம் குறைவு.

சார் நாகர்கோவிலில் விலங்கியல் பேராசிரியர். வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். அதில் கடியபட்டணத்தில் சிப்பி எடுக்கிறவர்கள் கல்லோடு பெயர்த்துத் தந்த பவளங்கள். சாருக்கு உதவியாளாக இருந்து அவற்றை இரண்டு வருடம் உயிரோடு வைத்திருந்தது நான். இறாலை விழுதாக அரைத்து, பேனாவுக்கு மை விடும் ஃபில்லரால் ஒவ்வொரு வாயிலும் சொட்டுவேன். செப்புப் பாத்திரத்தில் நின்ற தண்ணீர் அவற்றைக் கொல்லும் என்று கண்டுபிடித்ததும் நான்தான். கட்டுரையே அதைப் பற்றித்தான்.

சார் சிரித்தார். "தீனி போட்டவளுக்குப் பேரு போட்டா, இறால் வித்தவளுக்கும் போடணும்லா, ஏட்டி?"

அந்த வாரம் மதராஸிலிருந்து பல்கலைக்கழகப் பெரியவர்கள் தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. கடல்தண்ணீர் பிடித்து வைக்கும் மண்குடத்தை நான் கீழே போட்டேன். கை தவறவில்லை. சத்தம் கேட்டு சாரின் மனைவி ஜெபமணி அக்கா வந்தார். நாள் தவறாமல் எனக்குக் காப்பி தந்தவர் அவர்.

"குடம் போனாப் போவுது மக்கா. எனக்க சீதனக் குடம் சும்மாதான் கெடக்கு. புளி போட்டு வெளக்கித் தாறேன்."

செப்புக்குடம். கழுத்தில் அக்காவின் பெயர் வெட்டியிருந்தது. செப்பு பவளத்தைக் கொல்லும் என்று அக்காவுக்குத் தெரியாது; நான் சொல்லவும் இல்லை. தண்ணீரை அதில் நன்றாக நிற்க வைத்துத் தொட்டியில் ஊற்றினேன். குடத்தைப் பக்கத்திலேயே வைத்தேன்.

சார் கை நீட்டுகிறவர். குழம்பில் உப்பு கூடினாலே அக்காவின் கன்னம் வீங்கியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் வந்தார்கள். பவளங்கள் சளியாய் அழுகி உரிந்திருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். சார் குடத்தைத் தூக்கிப் பெயரைப் படித்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை அருமனைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேருகிறேன் என்று சாரிடம் முன்பே சொல்லியாயிற்று. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் சார் கதவை அடைத்தார். குடம் உருளும் சத்தம் தெருவரை கேட்டது, அக்காவின் சத்தம் கேட்கவில்லை.

அக்காமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அடித்தது சார். நான் தண்ணீர்தான் ஊற்றினேன்.