விட்டவர்

நர்ஸ்: ...அடுத்த கேள்வி. புகை?

டிரைவர்: நானா, என் பஸ்ஸா?

மனைவி: ஏங்க, ஆபரேஷனுக்காகக் கேக்கறாங்க. இங்கேயுமா உங்க வாய் சும்மா இருக்காது?

நர்ஸ்: இருக்கட்டும்க்கா. பஸ் விடறது ஊருக்கே தெரியும்ணே. உங்களைத்தான் கேக்கறேன்.

டிரைவர்: அதான் சீட்டுல இருக்குமே.

நர்ஸ்: இருக்கு. "புகை: விட்டவர்." மூணு வருஷமா இதேதான். ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டைப் பார்த்துப் புதுச் சீட்டுல இறக்கியிருக்காங்க. இந்த மாசத்துலேர்ந்து அது கூடாது. முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் எழுதணும்.

மனைவி: இவர் விட்டதைத் தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன் சிஸ்டர். என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இவரைத்தான் உதாரணம் காட்டறோம்.

டிரைவர்: நீ வேற... சும்மா இரேன்.

மனைவி: ஏன், நல்லதைத்தானே சொல்றேன்? ...சரி, மாத்திரை குடுக்கற இடத்துல கூட்டம் கொறஞ்சிருக்கும். வாங்கிட்டு வந்துடறேன். நீங்க நிதானமா கேளுங்க சிஸ்டர். நிதானமா.

டிரைவர்: ...போயிட்டாளா?

நர்ஸ்: போயிட்டாங்க. கதவையும் சாத்திட்டுத்தான் போனாங்க.

டிரைவர்: சிஸ்டர்... அந்த 'விட்டவர்' இருக்கே...

நர்ஸ்: சொல்லுங்கண்ணே.

டிரைவர்: தப்பு என்மேல இல்ல. முழுசா இல்ல. அன்னிக்கு உங்க நாற்காலியில ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். தலையே நிமிராம "புகை?"ன்னார். "இப்பதான் வெளியில விட்டுட்டு வர்றேன்"னேன்.

நர்ஸ்: ஐயய்யோ...

டிரைவர்: "ரொம்ப நல்லது, அப்படியே இருங்க"ன்னார்! எனக்கு ஒண்ணும் புரியல. வாசல்ல நின்னு ஊதிட்டு வந்ததுக்கு இந்த மனுஷன் எதுக்குப் பாராட்டறார்னு...

நர்ஸ்: சிரிக்கக் கூடாது... மன்னிச்சுக்கோங்கண்ணே...

டிரைவர்: சிரிங்க, சிரிங்க. வீட்டுக்குப் போனதும் இவ சீட்டைப் படிச்சா. படிச்சுட்டு அழுதுட்டா, சந்தோஷத்துல. கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிச் சொல்லி வாய் வலிச்சவ. அந்த முகத்தைப் பார்த்து, இல்லடின்னு எப்படிச் சொல்றது?

நர்ஸ்: அப்போ இந்த மூணு வருஷமும்...

டிரைவர்: டிப்போவுல. கடைசி டிரிப் முடிச்சுட்டு. அப்புறம் வாய் கொப்பளிக்கணும், மிட்டாய் போடணும், சட்டை மாத்தணும்... பிடிக்கறதைவிட மறைக்கறதுதான் பெரும்பாடு.

நர்ஸ்: அண்ணே, இந்தத் தாளைப் பார்த்துத்தான் மயக்க டாக்டர் வியாழக்கிழமை உங்களைத் தூங்க வைக்கப் போறார். உள்ளதைச் சொல்லுங்க. இப்பவும் உண்டா?

டிரைவர்: சத்தியமா இல்ல. குடலிறக்கம், ஆபரேஷன்தான்னு சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன். பயம் சிஸ்டர். தூங்கினவன் எழுந்திரிக்காமப் போயிட்டா... அவ கடைசி வரைக்கும் அந்தச் சீட்டையே நம்பிட்டு இருப்பாளே.

நர்ஸ்: எத்தனை நாளாச்சு?

டிரைவர்: இருபத்தாறு.

நர்ஸ்: இருங்க... ஹலோ, டாக்டர்? வியாழக்கிழமை குடலிறக்கக் கேஸ்... ஆமா, பஸ் டிரைவர்... சீட்டுல இருக்கறது தப்பு டாக்டர். நிறுத்தி இருபத்தாறு நாள்தான் ஆகுது... ம்... ம்... சரி, சொல்லிடறேன்.

டிரைவர்: தள்ளிப் போட்டுட்டாரா?

நர்ஸ்: இல்லண்ணே! நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, வியாழக்கிழமையே பண்ணிடலாங்கறார். முன்கூட்டியே சொன்னது நல்லதாப் போச்சாம்.

டிரைவர்: அப்பாடா... மூணு வருஷத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் மூச்சு முழுசா விடறேன்.

நர்ஸ்: மறுபடியும் 'விடறேன்'ங்கறீங்களே! இந்த 'விட்டவர்'ங்கற வார்த்தையையே தூக்கச் சொல்லி மேல எழுதறேன். "கடைசியாப் பிடிச்ச தேதி." அவ்வளவுதான். கண்ணாடிக்காரரே வந்தாலும் குழம்ப முடியாது.

டிரைவர்: எழுதுங்க. ஆனா அவகிட்ட மட்டும்...

மனைவி: மாத்திரை வாங்கியாச்சு. முடிஞ்சுதா சிஸ்டர்? என்ன எழுதினீங்க?

நர்ஸ்: அது வந்துக்கா... இங்க சொன்னதை நான் வெளியில சொல்லக் கூடாது...

டிரைவர்: விடுங்க சிஸ்டர், நானே சொல்லிடறேன். இங்க பாரு... நான் நிறுத்தி மூணு வருஷம் இல்ல. இருபத்தாறு நாள்தான்.

மனைவி: போன்ல சொன்னேனே சிஸ்டர், தனியா கேட்டா வாயைத் திறப்பார்னு... ஆனா இருபத்தாறு இல்ல, இருபத்தஞ்சுன்னு எழுதுங்க. நிறுத்தின மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில ஒண்ணு போச்சு.