பாய் சுருக்கும் கயிறு

நனைந்த கயிற்றை வெயிலில் போடக்கூடாது சார். நிழலில், காற்றாடத் தொங்கவிட வேண்டும். நீங்கள் ஜீப்பின் மேல் அதைச் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிம்மக்கல்லில் ராஜபாண்டி பந்தல் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஆயுசெல்லாம் கயிற்றோடு கிடந்தவன், வாய் சும்மா இருக்காது.

என் மகளின் சாமான்களை ஒப்படைக்கத்தான் நீங்கள் தூத்துக்குடி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறீர்கள். படகு கரை ஒதுங்கியது, அவள் கிடைக்கவில்லை, விபத்து என்று எழுதி முடித்தாகிவிட்டது என்கிறீர்கள். இருந்தாலும் ஜீப்பில் கிடக்கும் அந்தப் படகுக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உட்காருங்கள். நாகஜோதி உள்ளே படுத்திருக்கிறாள். பெற்றவள், அவள் காதில் விழாமல் பேசுவோம்.

பவதாரிணி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். மதுரைப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் ஒரு பழைய படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, கொட்டாம்பட்டியில் பந்தல் சாமான் போட்டிருந்த எங்கள் கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுத்தேன். தனியாக அந்தமான் போய் வர வேண்டும் என்பது அவள் ஆசை. இப்படி ஒரு அப்பன் யாருக்கு வாய்ப்பான் என்று ஊரே பேசியது. நானே சிம்மக்கல்லில் பிளக்ஸ் வைத்தேன். அதில் அவள் படத்தைவிட என் படம் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

காற்று கூடினால் பாயைச் சுருக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் படகு சாயும். அதற்கு எந்த ஏற்பாடு வைப்பது என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். பாய்மரத்துக்குள்ளேயே பாய் சுருண்டுகொள்ளும் உருளை ஒரு வகை. இன்னொன்று பழைய முறை. பாயைக் கொஞ்சம் இறக்கி, அதன் ஓரத்து வளையத்தில் கோத்த கயிற்றை இழுத்து, கீழே இருக்கும் கட்டையோடு இறுக்குவது. உருளை நடுக்கடலில் சிக்கினால் எவனும் வர மாட்டான், கயிறுதான் மேல் என்றேன். அது நல்ல யோசனை. இன்றைக்கும் எந்தப் படகுக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"கயிறு விசயத்துல எங்கப்பா சொன்னா சரிதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மாட்டும் வேலை முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டாள். கயிறு, கட்டையின் நுனியில் உள்ள கப்பி வழியாக ஓடி, அவள் உட்காரும் இடத்துக்கே வரும். காற்றில் பக்கவாட்டில் வீசியடிக்கும் அந்தக் கட்டை நுனிக்கு அவள் எழுந்து போக வேண்டியதில்லை.

மழை தூறினால் பந்தல்காரன் முதலில் ஓடிப்போய்க் கயிறுகளைத் தளர்த்துவான். பருத்திக் கயிறு நனைந்தால் பருத்துக்கொள்ளும், மூங்கிலையே வளைத்துவிடும். அவள் வாங்கிய கயிற்றில் மேலே வழவழவென்று ஒரு உறை, உள்ளே ஒரு திரி. கப்பியில் ஓடும் பக்கத்தில் திரியை உருவிவிட்டு, பந்தல் கயிற்றைத் திணித்து உறையைத் தைத்தேன். கப்பியையும் சிக்கென்று பிடிக்கிற அளவில் பார்த்து வாங்கினேன். காய்ந்திருக்கும்வரை நன்றாக ஓடும். அலை தெளித்தால் சிக்கும். பாய் சுருங்காது, அவள் பயந்துபோவாள், கரை கண்ணுக்குத் தெரியும்போதே திரும்பிவிடுவாள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஆடிக் காற்றில் கொட்டகை வாசலில் படகை நிறுத்திப் பாயை ஏற்றிப் பார்த்தோம். திருச்சி ரோட்டில் போன பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. பவதாரிணி கயிற்றை இழுத்தாள், பாய் அழகாகச் சுருங்கியது.

"எம்புட்டு லேசா வருது" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "கடல்ல நனையுமேப்பா. ஒருக்கா தண்ணி ஊத்தி இழுத்துப் பாப்பமா?"

"கரண்டு இல்ல தாயி. மோட்டார் ஓடாது."

கொட்டகைக்குள் பேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னதைச் சரிபார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு மனசு இல்லேன்னா சொல்லிருங்கப்பா. நான் போகல. வருத்தப்பட மாட்டேன், சத்தியமா."

வாயைத் திறந்தேன் சார். போகாதே என்று ஒரு வார்த்தை. ஆனால் பிளக்ஸ் வைத்தாயிற்று, ஊர் பேசியாயிற்று. "போயிட்டு வா ஆத்தா" என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தூத்துக்குடியில் கிளம்பிய அன்று மத்தியானமே அவளிடமிருந்து போன் வந்தது. கரை இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. ஒரே காற்றுச் சத்தம்.

"அப்பா, சுருக்குக் கயிறு பாதியில சிக்கிருச்சு. எம்புட்டு இழுத்தும் வரல, பாய் படபடன்னு அடிக்குது."

"திரும்பி வந்துரு தாயி."

"வாரேன்ப்பா. கட்டை நுனிக்குப் போயி அதை எடுத்து விட்டுட்டு வாரேன்."

அது வராது சார். யார் போய் இழுத்தாலும் வராது. கிட்டே போகாதே, பாயை மொத்தமாக இறக்கிப் போட்டுவிட்டு எஞ்சினில் வா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஏன் வராது என்று கேட்டிருப்பாள். அதற்கு என்ன பதில் சொல்வேன்? நான் நல்லவன் என்று நம்பிய பிள்ளை.

"பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன். போனை வைக்காமலே போனாள். பாய் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், போன் தானாகக் கட்டாகும் வரை.

தையலைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பந்தல் கயிறு இருக்கும். வைத்தவன் நான். அவளை அந்த நுனிக்குப் போக விட்டவனும் நான். வண்டியில் ஏறச் சொன்னால் இப்போதே ஏறுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் திரும்பி வா என்றேன், அவளும் வாரேன் என்றுதான் சொன்னாள். போகாதே என்று சொல்லி அவள் மனதை நோகடித்தவன் இல்லை நான்.