ஒன்பதாவது ஆள்

– அஞ்சாவது ரன்! பாத்தீங்களா அத்தான்? உங்க ஆளு பந்தக் கையில வச்சுக்கிட்டு பூசைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான்!

– பட்டன் ஒட்டிக்கிச்சு.

– பட்டன் ஒண்ணும் ஒட்டல. நீங்கதான் அமுக்கல. மொத்தமே ரெண்டு பட்டன் லா. ஒண்ணு அடிக்க, ஒண்ணு எறிய. அதையும் மறந்துட்டீங்களா?

– ரெண்டு வருஷமா தொடல.

– அக்கா போனதுலேர்ந்து யாருதான் தொட்டா? பேஸ்பால் கேசட்டு மேல தூசி எவ்ளோ, பாத்தீங்கல்ல. துடைச்சு சொருகினேன், டக்குனு வந்துருச்சு. அந்த ஆரம்பப் பாட்டு கேட்டதும் எனக்கு கையெல்லாம் சிலிர்த்துருச்சு.

– எனக்கும்.

– உங்க மூஞ்சியப் பாத்தா பேங்க்ல நம்பர் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி இருக்கு.

– ஷார்மைன்! அந்த மெஷின அடைக்கிறியா இல்லையாடி? பழைய டிவி, சூடேறி வெடிக்கப் போகுது!

– கடைசி ரவுண்டும்மா! நீங்க எண்ணெய்ல கறிபாப் கருகாமப் பாருங்க!

– ஏன் அத்தை இவ்ளோ கறிபாப் போடுறாங்க?

– சர்ச்சுக்காம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு வரைக்கும் போயி புது மேசை விரிப்பு வேற. கேட்டா, உன் வேலையப் பாருங்குறாங்க. உங்களையும் அவங்கதானே வரச் சொன்னாங்க?

– ஆமா. சும்மா வந்துட்டுப் போங்கன்னாங்க.

– ஈஸ்டருக்கே வராத ஆளு. எப்படியோ பிரிக்பீல்ட்ஸ விட்டுக் கிள்ளான் வரைக்கும் கொமுட்டர் ரயில் ஏறி வந்துட்டீங்க. சரி, மெதுவா பேசுங்க. பந்தயம் ஞாபகம் இருக்குல்ல?

– இருக்கு.

– சொல்லுங்க பாப்போம்.

– நீ ஜெயிச்சா நான் அந்த டீச்சரப் போயிப் பாக்கணும்.

– பேரு மலர். டெங்கில்ல தமிழ்ப்பள்ளி டீச்சர். பேரச் சொன்னா வாய் சுடாது.

– நான் ஜெயிச்சா, இனிமே எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. யாரும்.

– எடுக்க மாட்டேன். மாதா மேல சத்தியம். ஆனா அம்மா காதுக்கு மட்டும் போகக் கூடாது. வரன் கொண்டு வந்த இராஜம்மா ஆன்டி என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. நாளும் இடமும் அப்புறம் சொல்வாங்களாம். பெத்த பொண்ணு இடத்துல இன்னொருத்தின்னு கேட்டா அம்மா தாங்க மாட்டாங்க.

– அதான் வேணாங்குறேன்.

– அதுக்குத்தானே ஆடுறோம். பேசிப் பேசி நீங்க ‘ம்’ தவிர ஒண்ணும் சொல்றதில்ல. சரி, உங்க பேட்டிங். அஞ்சுக்கு மூணு. இதுதான் கடைசி. இந்தாங்க, எறியறேன்... ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக்! அவுட்டு!

– வேகமா போட்டுட்ட.

– அடுத்தவன் வாங்க. இவனும் அவுட்டு! ரெண்டு போச்சு அத்தான்! இன்னும் ஒருத்தன் போனா, சட்டைய இஸ்திரி போடுங்க!

– இது யாரு வர்றது?

– அஞ்சாவது ஆளு. பவுனம்மாள் ஆன்டி. பாசார்ல மீன் விக்கிறவங்க. மறந்துட்டீங்களா? அக்கா ஒவ்வொருத்தனுக்கும் பேர் வச்சிருந்தாளே.

– மறக்கல. ஜப்பான் எழுத்து, படிக்க முடியல. அதனால அவளே வச்சுக்கிட்டா.

– எங்க ஆபீஸ் ஜீவன் வீட்டுல புது கேம் செட் இருக்கு. புல்லு காத்துல ஆடுது, ஆளுங்க முதுகுல வேர்வை தெரியுது. பன்னெண்டு பட்டன். நானும் ஆடிப் பாத்தேன், மனசுல ஒண்ணுமே ஒட்டல. ஏன்னு யோசிச்சேன். அதுல எல்லாருக்கும் பேர் இருக்கு, மூஞ்சி இருக்கு. இதுல நாலு கட்டம், ஒரு தொப்பி, அவ்ளோதான். யார வேணா உள்ள வைக்கலாம்.

– பந்தப் போடு.

– போட்டாச்சு... அய்யோ! அய்யய்யோ! பெருசா போகுதே! சுவரத் தாண்டிருச்சு!

– ஹோம் ரன்! பவுனம்மாள் ஆன்டி! அடிச்சாங்க பாத்தியா! மீன் வெட்டுற கை அது!

– அத்தான்!

– என்ன?

– கத்தினீங்க. இப்ப நீங்க கத்தினீங்க.

– ...அஞ்சுக்கு நாலு. எறி.

– அடிக்கிற வெறி வந்துருச்சு மனுசனுக்கு! அடுத்தது யாரு?

– ஜெசி.

– அக்கா எப்பவும் ஆறாவதுதான் நிப்பா. ஏன்னு கேட்டா, முன்னாடி நின்னா பயமா இருக்கு, பின்னாடி நின்னா அவமானமா இருக்குன்னு சொல்லுவா. இந்தாங்க அக்காவுக்கு ஒரு வேகப் பந்து.

– அடிச்சிட்டா! ஓடு ஓடு ஓடு!

– புடி! எறி! ச்சே, இவனுங்க எல்லாரும் ஒண்ணா ஒரே பக்கம் ஓடுறானுங்க!

– ஒண்ணாவது பேஸ்ல நிக்கிறா. அடுத்தவன் சின்னையா. அடிச்சாச்சு, கீழாலயே போகுது. ஓடுய்யா சின்னையா!

– முட்டி வலிக்காரன் ஓடுறத பாருங்க! அடக்கடவுளே, சேந்துட்டான்! இதுக்கே அவனுக்கு பெஞ்ஷன் கூட்டிக் குடுக்கணும்!

– ஜெசி ரெண்டுல. சின்னையா ஒண்ணுல. அடுத்தது லோரி அங்கிள்.

– லோரி அங்கிளுக்கு உள்ள தள்ளிப் போடுறேன்... அய்யோ!

– மேல பட்டுருச்சு.

– தெரியாம லா!

– சட்டம் சட்டம்தான். மேல பட்டா சாரி சொல்லணும்.

– சாரி லோரி அங்கிள்.

– டிவியப் பாத்து.

– சாரி லோரி அங்கிள்! மன்னிச்சிருங்க! போதுமா? இந்த வீட்டுச் சட்டத்தக் கேட்டா வெளியாளு சிரிப்பான்.

– நான் சிரிச்சேன். முதல் தடவ பொண்ணு பாக்க வந்தப்ப. உள்ள வந்து உக்காரல, அதுக்குள்ள ஜெசி ஜாய்ஸ்டிக்கக் கையில திணிச்சா. தண்ணி கூட குடுக்கல.

– ‘இந்த வீட்டுல முதல்ல ஆட்டம், அப்புறம்தான் டீ.’ நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்.

– பந்து என் ஆளு மேல பட்டுச்சு. அவ டிவியப் பாத்து சாரி சொன்னா. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

– இத என்கிட்ட சொன்னதே இல்லையே.

– யாரும் கேக்கல. ஆடு.

– எங்க ஆடுறது, மூணு இடமும் நிறைஞ்சு போச்சு! மூணுல அக்கா, ரெண்டுல சின்னையா, மேல பட்டதுக்கு ஒண்ணுல லோரி அங்கிள். ரெண்டு அவுட்டு. ஒரு ரன் வந்தா சமம், ரெண்டு வந்தா நீங்க ஜெயிச்சீங்க. என் நெஞ்சு அடிக்குது லா! இப்ப வர்றது...

– ஒம்பதாவது ஆளு.

– ஹா! கிரிகரி! நீங்களே வந்துட்டீங்க!

– இவன் அடிக்கவே மாட்டான்.

– அதனாலதானே அக்கா உங்க பேர வச்சா! ‘நிப்பான், பாப்பான், போவான்’னு சொல்லுவா. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், அக்கா தட்டு மட்டும் தட்டாதீங்க!

– ம்.

– ‘ம்’ வேணாம், சொல்லுங்க. பேட்ட சும்மா நீட்டினா பந்து காலடில விழும். எறிஞ்சவனும் பின்னால நிக்கிறவனும் ஓடி வந்து பந்தப் பாத்துக்கிட்டே நிப்பானுங்க, எடுக்க மாட்டானுங்க. மெஷின்ல இருக்கிற கோளாறு. அக்கா கண்டுபிடிச்சது. ரெண்டு தட்டு தட்டினா ஆட்டம் உங்களுது. நான் ஒண்ணும் பண்ண முடியாது.

– தெரியும். எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா.

– செத்தேன். போடுறேன்... ஸ்ட்ரைக்! ஏன் அடிக்கல?

– பாக்கல.

– நடுவுல வந்துச்சு அத்தான்! பப்பாளிப் பழம் மாதிரி! இன்னொண்ணு... ஸ்ட்ரைக்! என்னங்க இது, பேட்டே அசையல? இன்னும் ஒண்ணு விட்டா அவுட்டு. தோத்துருவீங்க. டீச்சரப் பாக்கப் போகணும்.

– தெரியும். போடு.

– போடுறேன்... அய்யோ, வெளிய போயிருச்சு.

– ரொம்ப வெளிய.

– கை வழுக்குது, கறிபாப் எண்ணெய். இன்னொண்ணு. ச்சே, இதுவும் வெளிய.

– நீ இன்னும் கறிபாப் தொடவே இல்ல.

– வேர்வை அப்போ. போடுறேன். அடடா, இதுவும்.

– ஷார்மைன், அது பக்கத்து வீட்டுக்குப் போகுது. நாலாவதும் வெளிய போட்டா எனக்கு சும்மாவே ஒரு ரன். சமம் ஆயிரும்.

– எனக்குத் தெரியாதா? நான் என்ன வேணும்னா போடுறேன்?

– நகருடி.

– அம்மா!

– நகரு. எவ்ளோ நேரமா மாவுக் கையோட வாசல்ல நிக்கிறேன். யேசுவே, இப்படி ஒரு ஆட்டத்த நான் பாத்ததே இல்ல. மாப்பிள்ளை நடுவுல வர்ற பந்தப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. நீ மூணு பந்த ஜெஞ்சாரோம் ஊர் பக்கம் எறியற. ரெண்டு பேரும் தோக்கத்தான் ஆடுறீங்க.

– கை வழுக்கிச்சும்மா...

– பந்தயமும் கேட்டுச்சு.

– அத்தை, அது வந்து...

– உக்காருங்க மாப்பிள்ளை, ஏன் எந்திரிக்கிறீங்க? தப்பு ஒண்ணும் பண்ணல. வாயத் தொறந்து சரின்னு சொல்ல உங்களுக்கு முடியல. தோத்துட்டா, பந்தயத்துல தோத்தேன், அதான் போனேன்னு சொல்லிக்கலாம். என்கிட்ட கூட. செத்தவகிட்ட கூட.

– ...ஆமா அத்தை.

– நீ என்னடி? நீதானே இந்தப் பந்தயத்தக் கட்டின?

– கட்டினேன். அப்புறம் அத்தான் கத்தினாரும்மா. பழைய மாதிரி. அவர் அங்க போயிட்டா இங்க வருவாரா? ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க யாரு புடிப்பா? அதான் கை தானா வெளிய போயிருச்சு.

– பைத்தியம். சரி, கேட்டுக்குங்க ரெண்டு பேரும். பந்தயம் கிடையாது. நான் அழிச்சுட்டேன். மாப்பிள்ளை, ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணும் இல்ல இப்ப. அந்தப் பிள்ளையப் பாக்க உங்களுக்கு இஷ்டமா, இல்லையா?

– உங்களுக்கு...

– என்னைப் பத்தி நான் கேக்கல.

– பாக்கணும்.

– டிவி சத்தத்துல கேக்கல.

– பாக்கணும் அத்தை. வீட்டுக்குப் போனா சுவர்கிட்ட கூட பேச ஒண்ணும் இல்ல. பாக்கணும்.

– சரி. அவ்ளோதான். இதுக்கு ஒரு மணி நேரமா ஆட்டம் வேற. ஷார்மைன், அந்தக் குச்சிய இப்படிக் குடு.

– அம்மா, உங்களுக்கு ஆடத் தெரியுமா?

– நீயும் ஜெசியும் ஸ்கூலுக்குப் போனப்புறம் பகல் முழுக்க இது சும்மாவா கெடந்துச்சு?

– அடப்பாவி! எங்களுக்கு மட்டும் ‘அடை, அடை’ன்னு திட்டுனீங்க!

– எனக்கு ஆட வேணாமா? மாப்பிள்ளை, நேரா போடுறேன். நிக்கக் கூடாது. ஜெசி தட்டும் வேணாம். அடிக்கணும்.

– இவன் அடிக்கவே மாட்டான் அத்தை.

– அது அவ சொன்னது. அவ சொன்னது எல்லாம் வேதமா? இந்தாங்க, வருது!

– அடிங்க அத்தான்!

– அடிச்சேன்!

– அய்யோ மேல போகுது! போகுது! போகுது! அம்மா, உங்க ஆளு பின்னாடி ஓடுறான், புடிச்சுருவான், புடிச்சுருவான்...

– புடிக்க மாட்டான்! ஓடு ஜெசி! உள்ள வா!

– தாண்டிருச்சு! சுவரத் தாண்டிருச்சு! ஒம்பதாவது ஆளு லா!

– ஜெசி உள்ள வந்துட்டா! சின்னையா வரான்! லோரி அங்கிள் வராரு! கிரிகரி பின்னாலயே...

– யேசுவே, அந்த நாலு கட்டத்த நம்பி இப்படிக் குதிக்கிறாங்களே! மாப்பிள்ளை, நாற்காலி! நாற்காலி சாயுது!

– அத்தான், அழுறீங்களா சிரிக்கிறீங்களா?

– தெரியல. சும்மா இரு. ஜெயிச்ச பாட்டக் கேக்க விடு.

– இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல. ஒம்பதாவது ஆளு அடிச்சா வேற பாட்டு போல!

– அதே பாட்டுதான்டி. இத்தன நாளா தோத்த பக்கம் உக்காந்து கேட்ட, இன்னிக்கு ஜெயிச்சவர் பக்கம் நின்னு கேக்குற.

– சரி சரி, நீங்க திட்டுறதுக்கு முன்னாடி நானே மெஷின அடைச்சுடறேன். டிவி முதுகு கொதிக்குது.

– அடைக்காதே. மலர நான்தான் இராஜம்மாகிட்ட சொல்லி வரச் சொன்னேன், டெங்கில்லேர்ந்து கெளம்பிருச்சு. முதல்ல ஆட்டம், அப்புறம்தான் டீ.