பழுப்பேறாத ஸ்லைடு

"செத்துப் போனவங்களை அடிச்சா அவங்க தோலுக்குத் தெரியுமா, சித்தி?" என்று அக்கா மகள் ஒருமுறை கேட்டாள். தெரியாதுடா கண்ணு என்றேன். பிரேதப் பரிசோதனை லேபில் அதுதான் என் பிழைப்பே, ஐயா.

உயிருள்ள தோலில் அடி விழுந்தால், அது உதவிக்கு ஆள் கூப்பிடுவதுபோல் ஒரு புரதத்தை விடும். இன்டர்லூகின் என்பார்கள். செத்த தோல் யாரையும் கூப்பிடாது. காயத்தை மெலிதாகச் சீவி ஸ்லைடில் ஒட்டி, அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றிக் கழுவி, சாயம் விடுவோம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். அடிபட்டபின் ஆள் உயிரோடு கிடந்தாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

அக்காவின் புருஷன், என் அத்தான், நல்லவர். யாரிடமும் சொல்வேன். அன்று மதியம் அக்காவும் பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள். அவர் மாடிப்படியின் கைப்பிடிக்கு ஆணி அடித்துக்கொண்டே, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம் என்றார். பிள்ளையை மட்டும் என்னிடம் விட்டுப் போங்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"பைத்தியமா உனக்கு? உனக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சிரித்தார்.

அவர் கீழே வைத்த சுத்தியலை எடுத்து நெற்றியில் ஒன்று போட்டேன். சிரிப்பு முகத்திலேயே நின்றது. விழுந்தவர் எழப் பார்த்ததால் காதோரம் இன்னொன்று. எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. படியில் தவறி விழுந்தார், அந்த நிமிடமே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

லேபில் எங்களுக்கு வரும் தோல் துண்டுகளில் எண் மட்டுமே இருக்கும். ஆனாலும் சுத்தியல் விளிம்பு பதித்த அந்தப் பிறை வடிவக் காயத்தைப் பார்த்ததும் அத்தானுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பழுப்பேறாமல் போனால் அந்த நிமிடமே செத்தார் என்றாகிவிடும் என்று, ஆன்டிபாடிக்குப் பதில் வெறும் உப்புநீரை ஊற்றினேன். அங்கேதான் பிசகினேன். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் அந்தப் புரதம் நிறைந்த, வீங்கிய டான்சில் துண்டு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும். சோதனை ஒழுங்காக நடந்தால் அது பழுப்பாகியே தீரும். அதற்கு மட்டுமாவது ஒரு சொட்டு ஆன்டிபாடி விட்டிருக்கலாம். தோன்றவில்லை.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்மா, டான்சிலே வெளுத்துக் கிடக்கு. மருந்து ஊத்துனியா, இல்ல கையைக் கழுவிட்டு வந்துட்டியா?"

மறுபடி அவரே ஊற்றினார். நெற்றித் துண்டு முழுக்கப் பழுப்பு. கேலி நின்றது.

"இந்த ஆளு ரொம்ப நேரம் உயிரோட கெடந்திருக்கான். கூட இருந்தவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

இந்த விசாரணையில் நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. முன்பு எனக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது அக்கா ஊரில் இல்லை. அத்தான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து என் உதட்டை நனைத்தார். பிறகு அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கடவுளுக்கு மட்டும் தெரியச் செய்யும் உதவி அப்படித்தான் இருக்கும்.

சுத்தியலால் அடித்த அன்று நானும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துணியைப் பிழிந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆளைக் கூப்பிடச் சொல்லி அவர் வாய் திறந்தபோதெல்லாம் ஒரு சொட்டு. போன் என் பக்கத்திலேயே இருந்தது. பொழுது சாய்ந்து அவர் மூச்சு அடங்கும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. பட்ட கடனைப் பாக்கி வைத்து அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, ஐயா.