பால்காரன் மேல் விழுந்த பழி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் ஒரு போலீஸ் ஏட்டு, பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரிடம் கேட்டார்.

"அந்தக் கொலையைப் பால்காரன்தான் பண்ணான்னு உனக்கு யாரு தம்பி சொன்னது?"

கண்ணாடிக்காரர் மாத நாவல் எழுதுகிறவராம்.

"யாரும் சொல்லல ஏட்டய்யா. இரும்புலியூர் கேஸ்ல ஆள் சிக்கலைன்னீங்க. கதைக்கு முடிவு வேணுமே. பேரு, தெரு எல்லாம் மாத்திட்டேன்."

"சைக்கிள்ல அவன் கட்டியிருக்கற வெண்கல மணியை மாத்தலியே. மணிச்சத்தம் கேட்டாலே பொம்பளைங்க கதவைச் சாத்திக்கறாங்க. பயந்துபோய் பல்லாவரத்துல தங்கச்சி வூட்ல கீறான்."

"ஒருவேளை அவனேதான் பண்ணியிருப்பானோ?"

"கொலை நடந்த அன்னிக்கு அவன் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குக் கேளம்பாக்கம் போயிருந்தான். நானே விசாரிச்சேன்."

"அடுத்த மாசக் கதையில நல்லவனாக்கிடறேன்."

"அதுக்குள்ள புது இன்ஸ்பெக்டர் உன் புக்கை வாங்கிட்டாரு."

"எது வரைக்கும் படிச்சாரு?"

"முடிச்சிட்டாரு. பால்காரனைக் கூட்டியான்னு என்னை அனுப்பிக்கீறாரு. நீயும் வா. அது நீ கட்டின கதைன்னு அவர்கிட்ட உன் வாயால சொல்லு."

பல்லாவரத்தில் ஏட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கண்ணாடிக்காரர் உட்கார்ந்தே இருந்தார். வண்டி நகர்ந்த பிறகுதான் எழுந்து பிளாட்பாரத்தில் குதித்தார்.