கழற்றி மாட்டும் ஊஞ்சல்

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். என் மனைவியே அப்படிப்பட்டவள்தான். இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பூங்காக்களுக்கு விளையாட்டுச் சாமான் செய்கிற நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே மூத்த வடிவமைப்பாளர். புதிதாக எதையும் தொடங்கும் முன் எல்லோரும் ஓர் அறையில் கூடுவோம். "அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல, தோணுறதைச் சொல்லுங்க" என்பார் மேலாளர். நான் அப்படிச் சொல்வதில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்து, வரைந்து, அளவெல்லாம் போட்டுக் கொண்டுவருவேன். "நல்லா இருக்கு" என்பார்கள். அதோடு சரி.

பிறகு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வாயாடி என்று பெயர் வைத்தோம்; கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். "கிறுக்குத்தனமா இருக்கும், சிரிக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மேலாளர் அதைப் பலகையில் எழுதியிருப்பார். ஒருநாள் எல்லோரும் போனபின் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சாதாரண நாற்காலிதான்.

அன்று ஊஞ்சலைப் பற்றிச் சொன்னாள். "சின்னக் குழந்தைக்கு ஒரு சீட்டு, பெரிய பிள்ளைக்கு ஒரு சீட்டு. கொக்கியில கழட்டி மாட்டிக்கலாம். ஆனா ஆடும்போது கழண்டுக்குமோ? அதுதான் தெரியல."

"அதை நான் பாத்துக்கிறேம்மா" என்றேன்.

"அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

கழண்டுகொள்ளும். உச்சிக்குப் போகையில் சங்கிலி ஒரு நொடி தளரும்; திறந்த கொக்கி நழுவும். குறுக்கே சின்னதாக ஒரு தாழ் போட்டால் போதும். முதலில் வரைந்தபோது போட்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். அவள் யோசனையை அவள் சொன்னபடியே விடுவதுதான் நியாயம் என்று பட்டது.

மாதிரி ஊஞ்சலைப் பட்டறை முற்றத்தில் கட்டினார்கள். தன் யோசனையில் எது உருவானாலும் முதலில் அவள்தான் ஏறிப் பார்ப்பாள். அது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி விடுங்களேன்."

தள்ளினேன்.

"போதும்ணே, பயமா இருக்கு."

இன்னும் ஒருமுறை தள்ளினேன்.

பின்மண்டை சிமெண்டுத் தரையில் பட்டது. உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது.

வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் "த... த..." என்று திணறுவாள். "என்னப்பா சொல்றா?" என்பார் அவள் அம்மா. "தண்ணி கேக்குறாம்மா" என்பேன். அவர் டம்ளரை வாயில் வைப்பார். அவள் என்னையே பார்த்தபடி விழுங்குவாள்.

நேற்று, "அண்ணன் தள்ளினாரு" என்று முழுதாகச் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சரிதான். தள்ளியது நான்தான். விழ வேண்டும் என்றுதான் தள்ளினேன். அதைச் சொன்னதற்கு டாக்டரும் நர்ஸும் கைதட்டினார்களாமே. ரெண்டே ரெண்டு வார்த்தை. கைதட்டுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?