எந்த அப்பாவை அழிப்பது?

“மொதல்ல போட்ட சாஃப்ட்வேர்ல அப்பாவுக்குத் தலையே இல்லக்கா.”

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பியின் மடியில் லேப்டாப். இருவர் கண்ணிலும் தூக்கமில்லை.

“நாளன்னிக்குக் கருமாதி. அம்மா கேட்டது இந்த ஒரு படத்தத்தான்டா.”

“உப்பளம் முழுசும் ஒரே படத்துல வரலைன்னு அன்னிக்கு நாலா எடுத்தேன். நாலையும் ஒட்டுறதுக்குத்தான் இந்தப் பாடு.”

“வேற சாஃப்ட்வேர் எதுவும் சும்மா கிடைக்கலையா?”

“இன்னொன்னு நல்லாதான் ஒட்டுது. ஆனா படத்துக்குக் குறுக்க அது பேரப் பெருசா அடிச்சிருது. மூணாவது, எந்த எடம் எதோட சேரணும்னு நம்மளையே காட்டச் சொல்லுது. ராத்திரி பூரா காட்டுனேன். இந்தா பாரு.”

அக்கா குனிந்து பார்த்தாள்.

“என்னடா, ரெண்டு அப்பா இருக்காரு?”

“மொதப் படத்துல உப்பு வாருறாரு. கடைசிப் படம் எடுக்கறதுக்குள்ள நடந்து வந்து அம்மா பக்கத்துல நின்னுட்டாரு. ஒருத்தர அழிச்சிரலாம். எந்த அப்பாவ அழிக்கட்டும், சொல்லு.”

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆளேற்றிக்கொண்டு கிளம்பியது. அதுவரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதையும் அழிக்காத. அப்படியே பிரிண்ட் போடு.”

“வர்றவங்க கேப்பாங்களேக்கா?”

“கேக்கட்டும். அந்த மனுசன் ஒரே எடத்துல நின்னத யாரு பாத்தாங்க?”